ஓவனில் மசாலா கோழியும் காய்கறியும்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

சேலத்தில் எங்கள் வீட்டுக்கு ஓடிஜி (மேடைமேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) வந்த முதல் வருடம், அதில் நான் சுட்ட கோழியை யாரும் குறை சொல்லவில்லை. "குழம்பு ஏதும் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

கோளாறு ஓவனில் இல்லை, என் கையில்தான் இருந்தது. குழம்பு வைத்துப் பழகிய கையோடு ஓவனுக்குப் போனேன். சட்டியில் தண்ணீர் கூடிப்போனால் இன்னும் பத்து நிமிடம் அடுப்பில் விட்டால் சரியாகிவிடும். ஓவன் தட்டில் தண்ணீர் கூடினால் வருவது வேறு பண்டம். கீழே சொல்லும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தில்தான் வந்து நிற்கும்.

முதலில் என் அளவு. ஒரு கிலோ பிராய்லர், தொடையும் காலும் சேர்ந்த முழு லெக்காக நான்கு. காய் 600 கிராம்: உருளைக்கிழங்கு, கேரட், சின்ன வெங்காயம், குடமிளகாய். மசாலாவுக்கு இஞ்சி பூண்டு விழுது 2 மேசைக்கரண்டி, கெட்டித் தயிர் 3 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, மல்லித்தூள் 1 மேசைக்கரண்டி, சோம்புத்தூள் 1 தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, கொரகொரப்பாக இடித்த மிளகு 1 தேக்கரண்டி, கடலை எண்ணெய் 3 மேசைக்கரண்டி. கோழிக்கு உப்பு 12 கிராம், அதாவது தலைதட்டிய 2 தேக்கரண்டி. காய்க்குத் தனி உப்பு. மிளகு ஏற்காட்டிலிருந்து அக்கா கொடுத்துவிடுவது. அதைத் தூளாக வாங்கிப் போட்டால் பாதி மணம்கூட வராது. 30 லிட்டர் ஓடிஜியில் மேல் கம்பி, கீழ் கம்பி இரண்டையும் போட்டு, 15 நிமிடம் முன்கூட்டியே சூடாக்கி, நடு அடுக்கில் 200 டிகிரியில் 45 முதல் 50 நிமிடம். விசிறி ஓடும் ஓவன் என்றால் 180 போதும்.

இப்படிச் செய்தும் சரியாக வரவில்லை என்றால் உங்கள் தட்டைப் பாருங்கள்.

தட்டில் தண்ணீர் குளம்போல் நிற்கிறது. கோழி வெளுத்து, அவித்ததுபோல் இருக்கிறது

அதிகம் பேருக்கு வருவது இதுதான். கோழியின் மேல்புறம் சிவந்து மொறுமொறுப்பாக வேண்டுமென்றால் அந்தத் தோலின் சூடு 140 டிகிரியாவது தாண்ட வேண்டும். ஈரம் இருக்கும்வரை அது 100 டிகிரிக்கு மேல் ஏறாது. நீங்கள் சூட்டைக் கூட்டும் நாபை 250-க்குத் திருப்பினாலும் அந்தச் சூடு முழுவதும் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போகும். 200 மில்லி கொதிநீர் முழுவதும் ஆவியாக, 1500 வாட் ஓவன் தன் சூட்டைச் சிந்தாமல் சிதறாமல் கொடுத்தால்கூட 5 நிமிடம் ஆகும். நிஜத்தில் பெரும்பகுதி சூடு சுவரிலும் கதவிலும் போய்விடுவதால் அது 20 நிமிடமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? முதல் சந்தேகம் தயிர்மேல். தயிரில் எட்டில் ஏழு பங்கு தண்ணீர்தான். ஒரு கிண்ணம் தயிரைக் கொட்டிப் பிரட்டினால் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றியதற்குச் சமம். மெல்லிய துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, கையில் எடுத்தால் வழியாத பதத்தில் 3 மேசைக்கரண்டி சேருங்கள், போதும்.

அடுத்தது கழுவிய தண்ணீர். நம் வீடுகளில் மஞ்சள் போட்டு நாலு தண்ணீரில் அலசாமல் கோழியை உள்ளே விடமாட்டார்கள். (சிங்க்கில் தெறிக்கிற தண்ணீரால் கிருமி பரவும் என்பதால் கோழியைக் கழுவவே வேண்டாம் என்பார்கள் உணவுப் பாதுகாப்புத் துறைக்காரர்கள். என் அம்மாவிடம் அதைச் சொல்லிப் பார்த்தேன். நீங்கள் உங்கள் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.) கழுவினால் வடிதட்டில் அரை மணி நேரம் போட்டு, பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு துண்டாக ஒற்றி எடுங்கள். துணியைத் தனியாகச் சுடுதண்ணீரில் துவைக்க வேண்டும்.

மூன்றாவது, தட்டில் இடநெருக்கடி. ஓடிஜியோடு வரும் தட்டு சின்னது. அதில் ஒன்றரைக் கிலோவை அடுக்கி மேலே காயையும் கொட்டினால் துண்டுகளுக்கு நடுவே காற்றுப் போக வழியில்லை. ஒன்று விடும் ஆவியில் மற்றது வேகும். துண்டுக்கும் துண்டுக்கும் ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். பத்துப் பேர் வருகிறார்கள் என்றால் இரண்டு ஈடாகப் போடுங்கள், இட்லி மாதிரி.

தக்காளியை நான் சேர்ப்பதே இல்லை. அது முக்காலே மூணு வீசம் தண்ணீர். வேண்டுமென்றால் கடைசிப் பத்து நிமிடத்தில் பாதியாக வெட்டி, வெட்டிய முகம் மேலே தெரிய வையுங்கள்.

ஏற்கெனவே குளம் நிற்கிறதா? பதற வேண்டாம். தட்டை வெளியே எடுத்து ஒரு மூலையைச் சாய்த்து அந்தச் சாற்றைக் கிண்ணத்தில் வடித்துவிடுங்கள். 220 டிகிரியில், ஒரு அடுக்கு மேலே ஏற்றி, 10 நிமிடம். வடித்த சாற்றை வாணலியில் ஊற்றி, தேன்போல் சுருளும்வரை வற்றவிட்டு, கடைசி மூன்று நிமிடத்தில் கோழியின்மேல் தடவுங்கள். அப்போது கதவருகே காதை வைத்துக் கேளுங்கள். தண்ணீர் இருக்கும்வரை 'கொதக் கொதக்' என்று சோறு கொதிப்பதுபோல் கேட்கும். தண்ணீர் போய் எண்ணெய் மட்டும் நின்றதும் அதே தட்டு 'சிடுசிடு' என்று வடைச்சட்டிபோல் பேச ஆரம்பிக்கும். அங்கிருந்துதான் நிறம் ஏறும். டைமரைவிட எனக்கு இந்தச் சத்தத்தில்தான் நம்பிக்கை.

மேலே கருகிவிட்டது, உள்ளே பச்சை

தட்டு மேல் கம்பிக்கு மிகவும் கிட்டே இருந்ததா என்று முதலில் பாருங்கள். அப்புறம் கோழி ஃபிரிட்ஜிலிருந்து நேரே தட்டுக்கு வந்ததா என்று. ஊறிய கோழியை அரை மணி முன்னால் வெளியே எடுத்து வைக்க வேண்டும். சேலத்து ஏப்ரல் வெயிலில் அந்த அரை மணியைத் தாண்டக் கூடாது.

மூன்றாவது, தேன் அல்லது சர்க்கரை. இனிப்பு எதுவானாலும் கடைசி எட்டு நிமிடத்துக்கு முன் வேண்டாம். மிளகாய்த்தூளும் மல்லித்தூளும்கூட எண்ணெய் படாமல் காய்ந்து நின்றால் கசந்து கருகும். மசாலாவை முதலில் எண்ணெயில் குழைத்துவிட்டு அதன் பிறகுதான் தயிர் சேர்க்க வேண்டும். பள்ளிப்பாளையம் பாணியில் கிள்ளிய வரமிளகாயும் தேங்காய்ப் பல்லும் போட ஆசைப்பட்டால், இரண்டையும் எண்ணெயில் பிரட்டிக் கோழிக்கு அடியில் செருகுங்கள். மேலே தூவினால் மிளகாய் கரியாகி வீடு முழுக்க இருமல்தான்.

எல்லாம் சரியாக இருந்தும் கருகினால் நாப் பொய் சொல்கிறது. ஓவன் தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. சர்க்கரை உருகுவது 186 டிகிரி வாக்கில். அலுமினியத் தாளில் ஒரு கரண்டி சர்க்கரையைப் பரப்பி, 175-ல் வைத்த ஓவனில் 15 நிமிடம் விடுங்கள். உருகினால் உங்கள் ஓவன் சொன்னதைவிடச் சூடு. அடுத்து 190-ல் 15 நிமிடம். உருகாவிட்டால் சொன்னதைவிடக் குறைவு. என்னுடையது 200 என்று வைத்தால் 220 போகிறது என்று இப்படித்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு நாபின் ஓரத்தில் நெயில் பாலிஷால் வைத்த புள்ளி இன்னும் இருக்கிறது.

கருகியதைக் காப்பாற்ற: மேலே கறுத்ததைக் கத்தியால் சுரண்டி, அலுமினியத் தாளால் மூடி, 170-ல் இன்னும் 20 நிமிடம். அடுத்த முறை எலும்பு தொடும்வரை இரண்டு இரண்டு கீறல் போடுங்கள்.

எலும்போரம் சிவப்பாக இருக்கிறது, சாப்பிடலாமா?

விருந்தாளி தட்டில் இது தெரிந்தால் சங்கடம்தான். ஆனால் சிவப்பு என்றாலே வேகவில்லை என்று அர்த்தமில்லை. பிராய்லர் கோழி ஆறு வாரக் குஞ்சு. எலும்பு இன்னும் முற்றியிருக்காது. உள்ளே இருக்கும் மஜ்ஜையின் நிறம் அந்த எலும்பு வழியே கசிந்து பக்கத்துக் கறியில் ஏறுகிறது. உறையவைத்து எடுத்த கோழியில் இது இன்னும் அதிகம். எவ்வளவு வேகவைத்தாலும் அந்த நிறம் முழுவதும் போகாது.

கண்ணை நம்பாமல் கம்பித் தெர்மாமீட்டரை நம்புங்கள். தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்தினால் 74 டிகிரி காட்ட வேண்டும். அது பாதுகாப்புக்கான அளவு. ருசிக்கு லெக் பீஸ் 80, 85 வரை போனால்தான் ஜவ்வு கரைந்து எலும்பிலிருந்து கழன்று வரும். தெர்மாமீட்டர் இல்லையென்றால், கறி கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தாலோ குத்தினால் கலங்கிய சிவப்பு நீர் வந்தாலோ யோசிக்காமல் மறுபடி உள்ளே தள்ளுங்கள்.

நெஞ்சுக்கறி சக்கை மாதிரி வறண்டுவிட்டது

காலும் நெஞ்சும் ஒரே தட்டில் ஒரே நேரத்துக்கு இருந்தால் இப்படித்தான் ஆகும். நெஞ்சுக்குக் கால்மணி குறைவாகப் போதும், முதலில் எடுத்துவிடுங்கள். தோல் இல்லாமல் வாங்கியதும் ஒரு காரணம். கடையில் "தோலோட வேணுங்களாண்ணா, உரிச்சிரட்டுங்களா?" என்று கேட்கும்போது பழக்கத்தில் "உரிச்சிருங்க" என்று சொல்லிவிடுகிறோம். ஓவனுக்குத் தோலோடு வாங்குங்கள். குழம்புக்கு வெட்டுவதுபோல் பொடிசாகவும் வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் கொத்திவிடுவார்கள்.

நாட்டுக்கோழியை இந்த முறையில் செய்ய வேண்டாம். அதன் ருசிக்கு நேரமும் சாறும் வேண்டும், தட்டில் அது தோல்செருப்பு.

கிழங்கு கல்லு மாதிரி, குடமிளகாய் கூழ்

இதை நான் கற்றுக்கொண்டது ஏற்காட்டில், அக்கா வீட்டில், பத்துப் பேர் முன்னால். ஒரு நவம்பர் மழையில், சேலத்தில் அச்சுப் பிசகாமல் வந்துகொண்டிருந்த இதே பக்குவத்தைக் காட்டிவிடலாம் என்று ஓடிஜியைக் காரில் ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவும் அதை மடியில் பிடித்துக்கொண்டு போனேன். முந்தின இரவே கோழியும் கிழங்கும் ஒரே பாத்திரத்தில், தயிரும் இரண்டு எலுமிச்சையும் பிழிந்து ஊறிக்கொண்டிருந்தன. 50 நிமிடத்தில் தட்டை எடுத்தேன். கோழி பரவாயில்லை. மாமா ஒரு கிழங்கைக் கடித்தார், ஒன்றும் சொல்லாமல் தட்டோரத்தில் வைத்தார். அக்கா விடுவாளா? "டேய் தம்பி, இது கிழங்கா இல்ல சேர்வராயன் மலையிலேர்ந்து பொறுக்குன கல்லா?"

அன்று மூன்று தப்பு ஒன்றாகச் சேர்ந்திருந்தது. பெரிய தப்பு புளிப்பு. புளி கரைத்து ஊற்றிவிட்டால் அப்புறம் காய் வேகாது என்று எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார். குழம்பில் அதைக் கவனமாகப் பார்க்கிற நாம், ஓவன் என்றதும் மறந்துவிடுகிறோம். காயின் சதையை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டின், புளிப்பில் கரைய மறுக்கும். தயிர், எலுமிச்சை, புளி எதுவாக இருந்தாலும் இதே கதை. ஆகவே கோழிக்கு மட்டும் தயிர் மசாலா. காய்க்கு எண்ணெய், உப்பு, மிளகு, மஞ்சள் மட்டும். எலுமிச்சையைப் பரிமாறும்போது பிழியலாம்.

இரண்டாவது உயரம். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர். அங்கே தண்ணீர் கொதிப்பது 95 டிகிரியில். ஓவனுக்குள் காற்று 200 டிகிரியில் இருக்கலாம். கிழங்கின் உள்ளே இருப்பது தண்ணீர், அது மலையில் 95-ஐத் தாண்டாது. கிழங்கு போன்ற கெட்டிக் காய்க்கு அந்த ஐந்து டிகிரி பெரிய விஷயம். குக்கரில் பருப்பு வேகவைக்கும்போது இந்த வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் குக்கர் அழுத்தத்தை ஏற்றிச் சூட்டையும் ஏற்றிவிடுகிறது. திறந்த தட்டில் தெரிந்துவிடும்.

மூன்றாவது கரண்ட். அன்று ஓவனைப் போட்டதும் மிக்ஸியின் சத்தமே இறங்கிப்போனது. ஃபிரிட்ஜுக்கு வைத்திருந்த ஸ்டெபிலைசர் முகப்பில் 180 என்று காட்டியது. கம்பியில் பிறக்கும் சூடு, வோல்டேஜ் குறைவதைவிட வேகமாகக் குறையும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப. 230-ல் 1500 வாட் தரும் ஓவன், 180-ல் தருவது 920 வாட்தான், ஏறக்குறைய 60 சதவீதம். ஒவ்வொரு முறை கதவைத் திறந்து பார்க்கும்போதும் போன சூடு திரும்பி வர அவ்வளவு நேரம் பிடிக்கும். அன்று நான் எத்தனை முறை திறந்து பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. (ஓவனைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரில் மாட்டிவிடாதீர்கள், அது இவ்வளவு பாரம் தாங்காது.) மலையில் இப்போது முன்சூட்டுக்கு 25 நிமிடம் கொடுக்கிறேன். சாயங்காலம் எல்லார் வீட்டிலும் ஹீட்டர் போடும் நேரத்தில் ஓவனைத் தொடுவதில்லை.

கிழங்குக்கு எளிய வழி: ஒரு அங்குலத் துண்டாக வெட்டி, உப்புத் தண்ணீரில் முக்கால் வேக்காடு வேகவைத்து, வடித்து, பாத்திரத்தை மூடி நாலு குலுக்குக் குலுக்குங்கள். ஓரமெல்லாம் மாவாகச் சுரசுரப்பாகும். அந்தச் சுரசுரப்பில்தான் எண்ணெய் பிடித்து மொறுமொறுப்பு வரும். கேரட்டை விரல் பருமனுக்கு வெட்டினால் முதலிலிருந்தே போடலாம். சின்ன வெங்காயம் முழுசாக, முதல் கால்மணி கழித்து. குடமிளகாய் கடைசி 15 நிமிடம். சௌசௌ போட்டால் தண்ணீர் விடும் என்பதால் தனித் தட்டில்.

உருளைக்கு பதிலாக நான் இப்போது அடிக்கடி போடுவது மரவள்ளிக்கிழங்கு. ஜவ்வரிசி ஊரில் இருந்துகொண்டு அதை விட்டுவைப்பானேன்? தோலும் அடித்தோலும் சீவி, நடுநரம்பை எடுத்து, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் நன்றாக வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இதில் முக்கால் வேக்காடு கூடாது, முழுசாக வெந்திருக்க வேண்டும். பச்சைக் கிழங்கில் இருக்கும் நஞ்சு அப்படித்தான் போகும். கசந்தால் அந்தக் கிழங்கே வேண்டாம். வெந்ததை எண்ணெயில் பிரட்டிக் கோழிக்குப் பக்கத்தில் 25 நிமிடம் விட்டால், வெளியே மொறுமொறு, உள்ளே வெண்ணெய்.

கறி மாவு மாதிரி குழைந்துவிட்டது

பப்பாளிக்காய் அரைத்துப் போட்டீர்களா? அதில் இருக்கும் பாப்பெய்ன் கறியைக் கரைக்கும். ஓவனில் சூடு மெதுவாக ஏறும்போது அது இன்னும் வேகமாக வேலை செய்துவிட்டுத்தான் அடங்கும். ஆட்டுக்கறிக்குச் சரி, பிராய்லருக்குத் தேவையே இல்லை. பச்சை இஞ்சியும் கொஞ்சம் அப்படித்தான். இஞ்சி கூடுதலாகப் போட்டு ஒரு நாள் முழுக்க ஊறவைக்காதீர்கள். நாலு மணி நேரம் போதும், அதிகம் போனால் ஓர் இரவு. குழைந்துபோனதைத் திருப்ப முடியாது. உதிர்த்து வெங்காயம் போட்டு வதக்கிப் பரோட்டாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊறவைத்த மசாலா பச்சையாக, நீலமாகத் தெரிகிறது

பூண்டும் புளிப்பும் சேர்ந்த வேலை. பூண்டில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் எலுமிச்சையில் அப்படி நிறம் மாறும். கெட்டுப்போகவில்லை. நாற்றமோ பிசுபிசுப்போ இருந்தால் அது வேறு விஷயம், கொட்டிவிடுங்கள்.

மேலே காரம், உள்ளே சப்பென்று இருக்கிறது

மசாலா உள்ளே போகாது, எவ்வளவு நேரம் ஊறினாலும் தோலுக்கு அடியில் கொஞ்சம்தான் இறங்கும். உள்ளே போவது உப்பு ஒன்றுதான், அதற்கு நேரம் வேண்டும். ஈரம் ஒற்றியதும் 12 கிராம் உப்பை மட்டும் கோழி முழுக்கத் தேய்த்து இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு மசாலாவைப் பூசுங்கள். கீறலுக்குள் விரலை விட்டுப் பூசுங்கள். மசாலாவில் மறுபடி உப்புப் போட்டுவிடப் போகிறீர்கள், கவனம்.

பிளக் சுடுகிறது, பிளாஸ்டிக் கருகும் வாடை

உடனே நிறுத்துங்கள். 1500 வாட் என்றால் 230 வோல்டில் ஆறரை ஆம்பியர். அதைச் செல்போன் சார்ஜர் மாட்டும் 6 ஆம்ப் பாயிண்டில், எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாகச் செருகியிருப்பீர்கள். கிரைண்டரோ கீசரோ ஓடுகிற 16 ஆம்ப் பவர் பாயிண்டில் நேரடியாக மாட்டுங்கள். ஏற்கெனவே பவர் பாயிண்டில்தான் இருக்கிறது என்றால் சாக்கெட் உள்ளே தளர்ந்திருக்கும், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வெள்ளைப் புகை மட்டும் வருகிறதென்றால் அது கீழ்க் கம்பியில் போன தடவை சொட்டிய கொழுப்பு.

மசாலா தட்டில் ஒட்டிப் பிடித்துவிட்டது

இதைக் கோளாறு என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. கோழியை எடுத்து வைத்த பிறகு தட்டு ஆறுவதற்குள், அரை டம்ளர் சுடுதண்ணீரைத் தெளித்து மரக்கரண்டியால் சுரண்டுங்கள். அடியில் பிடித்த பூண்டும் மிளகும் வெங்காயமும் எண்ணெயோடு சேர்ந்து செம்பழுப்பாகக் கிளம்பி வரும். அதில் இரண்டு கரண்டி சுடுசோறு போட்டு, தட்டிலேயே பிசைந்து, எல்லாரும் உட்காருவதற்கு முன்னால் சமையலறையிலேயே நின்றபடி சாப்பிட்டுவிடுங்கள். அக்கா வீட்டில் இப்போது அந்தச் சோற்றுக்குத்தான் சண்டை. மாமா கோழியைக்கூட விட்டுக்கொடுத்துவிடுகிறார்.